கப்பல் ஏறப் போகிறவர்கள் முந்தின நாளே போய்ச் சேருங்கள்

கப்பல் புறப்படும் அதே நாள் காலையில் சிங்கப்பூரில் போய் இறங்குகிற மாதிரி விமான டிக்கெட் கேட்டு எங்கள் அலுவலகத்துக்குப் பலர் வருகிறார்கள். அப்படி நான் போட்டுத் தருவதில்லை. முந்தின நாளே போய்ச் சேரும்படிதான் போடுவேன். ஓர் இரவு ஓட்டல் வாடகை கூடுகிறதே என்று முகம் சுளிப்பவர்களை உட்கார வைத்துக் காரணம் சொல்வேன். அதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கத்தான் இந்தக் கட்டுரை.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர்க் குடும்பங்கள் இப்போது தேனிலவுக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் சொகுசுக் கப்பலை விரும்புகின்றன. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் புறப்பட்ட பிறகு இந்த ஆசை எங்கள் பகுதியில் நன்றாகப் பரவியிருக்கிறது. ஆனால் நம் துறைமுகத்தில் ஏறுவது வேறு, வெளிநாட்டுக்குப் பறந்துபோய் அங்கே ஏறுவது வேறு. இரண்டாவதில் குடியுரிமைச் சோதனை, சுங்கம், விமான நிலையத்திலிருந்து துறைமுகம் வரையிலான பயணம் என்று மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும்.

கப்பல் மாலை 5 மணிக்குப் புறப்படும் என்றால் 4.45-க்குப் போய் நின்றால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். புறப்படுவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கும் முன்போ பயணிகள் பட்டியலை மூடிவிடுவார்கள். அதன் பிறகு வருகிறவர் கரையில்தான் நிற்க வேண்டும். “அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாமே” என்பார்கள். அந்த நாட்டுக்கு விசா வேண்டும், கப்பல் நிறுவனம் சம்மதிக்க வேண்டும், விமானச் செலவு முழுவதும் நம் தலையில். அமெரிக்காவில் இன்னும் சிக்கல். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அந்நாட்டின் ஒரு துறைமுகத்தில் ஏறியவரை இன்னொரு துறைமுகத்தில் இறக்குவதை 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. அதனால் வழியில் ஏற அனுமதி கிடைக்காமலே போகலாம்.

தாமதம் நம் வாசலிலேயே தொடங்கிவிடும் என்பது வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் கார் நகராது. 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. அதே நீலத் தடம் மண்ணடி, சென்ட்ரல் வழியாக விமான நிலையத்துக்கே போகிறது. பகலிலும் மாலையிலும் நான் சொல்லும் முதல் வழி அதுதான். நள்ளிரவுக்குப் பிறகு புறப்படும் விமானமாக இருந்தாலும், மாலையிலேயே மெட்ரோவில் போய் விமான நிலையத்தில் காத்திருப்பது நல்லது.

அடுத்தது விசா. பணம் கட்டி, பெட்டி கட்டி, கடைசியில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவோ தாய்லாந்தோ பார்த்துவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும் கப்பல் என்றால், கப்பல் கிளம்பியதும் நீங்கள் அந்த நாட்டை விட்டு வெளியேறியவர் ஆகிவிடுகிறீர்கள். திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ஆகவே பலமுறை நுழையும் விசா இருக்கிறதா என்று தாளைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை ஷெங்கன் நாடுகள் என்பார்கள். அப்படி ஒரு நாட்டில் ஏறி, நடுவில் துருக்கிக்குப் போய்விட்டுத் திரும்பும் கப்பலுக்கு ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா போதாது. சிங்கப்பூரின் மின்னணு வருகை அட்டையை வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும்; கப்பலில் திரும்பும்போதும் புதிதாக நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு விமானங்களைத் தனித்தனி டிக்கெட்டில் வாங்குவதையும் நான் தடுப்பேன். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமான நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பெட்டியும் பெரும்பாலும் நடு ஊரோடு நின்றுவிடும். அதை எடுத்து மறுபடி கொடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். அதற்கு விசா தேவைப்படலாம். அமெரிக்காவில், டிக்கெட் ஒன்றாகவே இருந்தாலும், முதலில் இறங்கும் விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்கச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடுகிறது. முதிய பெற்றோரை அனுப்புகிறவர்களுக்கு நான் அந்த வழியைச் சொல்வேன்.

இறங்கியாயிற்று. இனி எந்தத் துறைமுகம்? சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல்கள் நிற்கும் முனையங்கள் இரண்டு: ஒன்று மெரினா பே, மற்றொன்று ஹார்பர் ஃபிரண்ட். டாக்சிக்காரரிடம் “கப்பல் ஏறும் இடம்” என்று மட்டும் சொன்னால் தவறான முனையத்தில் இறங்க நேரிடும். கப்பல் டிக்கெட்டில் உள்ள முனையத்தின் பெயரைக் காட்டுங்கள். விளம்பரத்தில் ரோம் என்று போட்டிருப்பார்கள்; கப்பல் நிற்பதோ அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் உள்ள சிவிட்டாவெக்கியாவில். லண்டன் என்றால் பெரும்பாலும் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சவுத்தாம்ப்டன். கப்பல் நிறுவனமே விமான நிலையத்திலிருந்து பஸ் விடுகிறது என்றால், முதல்முறை போகிறவர்கள் விலை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள். வழியில் அந்த பஸ் தாமதமானால் பயணிகள் எங்கே இருக்கிறார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும்.

துறைமுக வாசலில் பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும். தண்டையார்பேட்டையிலிருந்து போன ஒரு பெரியவர், பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கட்டும் என்று மனைவியின் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டார். பெட்டி உள்ளே போய்விட்டது. குடியுரிமை அதிகாரியின் முன்னால் நின்றபோதுதான் நினைவு வந்திருக்கிறது. கப்பல் ஊழியர்கள் நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே தேடி எடுத்து வரும்வரை, அந்த அம்மா தலையைக் குனிந்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். பாஸ்போர்ட், மாத்திரை, நகை, ஒரு மாற்றுத் துணி, இவை நான்கும் கைப்பையை விட்டுப் போகவே கூடாது.

பெட்டிக்குள் என்ன வைக்கிறோம் என்பதில் விமானத்துக்கு ஒரு சட்டம், கப்பலுக்கு ஒரு சட்டம், இறங்கும் நாட்டுக்கு ஒரு சட்டம். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியும் மின்சாரக் கெட்டிலும் விமானத்தில் தடையின்றிப் போகும். தீ விபத்துக்கு அஞ்சிக் கப்பலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கற்பூரம் விமானத்திலேயே ஆகாது. வீட்டில் சமைத்த புளியோதரையையும் மீன் குழம்பையும் பொதுவாகக் கப்பலுக்குள் விடுவதில்லை. சிங்கப்பூருக்குள் சூயிங் கம், மெல்லும் புகையிலை, மின்சிகரெட் எதுவும் கூடாது; சாதாரண சிகரெட்டுக்கு ஒன்றுவிடாமல் வரி உண்டு. துபாயில் கப்பல் ஏறுகிறவர்கள் கசகசாவை நினைவில் வையுங்கள். அது அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். பிரியாணி மசாலாவில் கலந்திருந்தாலும் வம்புதான்.

கூலிக்காக அடுத்தவர் சரக்கைச் சுமந்து வெளிநாடு போய்வருகிறவரைக் “குருவி” என்பார்கள்; மண்ணடியிலும் பர்மா பஜாரிலும் அது குழந்தைக்கும் தெரியும். சுற்றுலா போகிறவரிடம், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒருவர் வந்து, “இந்தப் பொட்டலத்தை மட்டும் அங்கே கொடுத்துவிடுங்கள்” என்பார். தயவுசெய்து வாங்காதீர்கள். 500 கிராமுக்கு மேல் கஞ்சா, 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் சிங்கப்பூரில் மரண தண்டனை. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் மேல்தான் விழும். உறவு கெட்டாலும் பரவாயில்லை, முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

திரும்பி வரும் நாளில் எல்லோரும் இறங்கி, பெட்டி எடுத்து, குடியுரிமைச் சோதனை முடிய முற்பகல் ஓடிவிடும். அன்று காலை விமானத்தில் இடம் போடாதீர்கள். மாலையோ இரவோ இருக்கட்டும்.

சென்னையில் இறங்கும்போது பெண்களைக் கலங்கவைப்பது நகை. கப்பல் விருந்துக்கு என்று தாலிச் சரடுடன் ஆரம், நெக்லஸ், வளையல் என்று பத்திருபது சவரன் அணிந்து போகிறார்கள். நகைக்கான தீர்வை விலக்கு, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு மட்டுமே. ஒரு வாரம் கப்பலில் போய் வந்தவருக்கு அது பொருந்தாது. இது இங்கிருந்து கொண்டுபோன நகைதான் என்று அதிகாரிக்குக் காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டும். புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் நகைகளைக் காட்டினால் ஏற்றுமதிச் சான்று எழுதித் தருவார்கள். நகைக்கடை ரசீதும் எடையும் புகைப்படமும் கையில் இருந்தால் வேலை விரைவாக முடியும். பெட்டியை ஒப்படைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். முனையத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதைக் கேளுங்கள். அதற்கென்று ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.