வேலைவாய்ப்புத்திறன் என்று ஒரு திறன் உண்டா?

மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றின் கையேட்டை மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு வரி: ‘சர்வதேசத் திறன்கள் பட்டதாரிகளின் வேலைவாய்ப்புத்திறனை மேம்படுத்தும்.’ எட்டுப் பக்கத்துக்குள் அந்தச் சொல் பதினோரு இடத்தில் வந்தது. பதினொன்றையும் சிவப்பு மையால் சுழித்தேன்.

ஆங்கில மூலச்சொல் எம்ப்ளாயபிலிட்டி: ஒருவர் வேலைக்கு எடுக்கத் தக்கவராக இருப்பது. லத்தீனில் ‘இம்ப்ளிகாரே’ என்றால் உள்ளே மடித்தல், பிணைத்தல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ‘பயன்படுத்து’, ‘வேலைக்கு வை’ என்றானது. பிறகு தகுதியைக் குறிக்கும் விகுதி ஒட்டிக்கொண்டது. வேர்க்கதை இவ்வளவு போதும்.

என் சண்டை ‘வாய்ப்பு’ என்ற சொல்லோடுதான். வாய்த்தல் என்றால் கிடைத்தல், அமைதல். நல்ல துணை வாய்த்தது என்கிறோம். அதில் நம் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. வேலைவாய்ப்பு வெளியே, சந்தையில் இருப்பது. எம்ப்ளாயபிலிட்டி ஆளிடம் இருப்பது. 2020-இல் கொரோனா முடக்கத்தால் உலகெங்கும் வேலைவாய்ப்பு சரிந்தது. அந்த ஆண்டு பட்டம் வாங்கியவர்கள் அதனால் தகுதி குறைந்து போனார்களா என்ன? ஹில்லேஜ், பொல்லார்ட் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் எம்ப்ளாயபிலிட்டிக்கு 1998-இல் தந்த விளக்கம் இன்றும் எடுத்தாளப்படுகிறது: முதல் வேலையைப் பெறுவது, அதைத் தக்கவைப்பது, தேவைப்பட்டால் வேறு வேலை தேடிக்கொள்வது. சந்தை நிலவரத்தையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள்தான். ஆனாலும் மூன்றையும் செய்பவர் ஆள். வாய்ப்பு எதையும் செய்வதில்லை.

சரி, ‘திறன்’ எங்கிருந்து வந்தது? ஆங்கிலச் சொல் ‘அபிலிட்டி’ என்று முடிந்தால் போதும், நம் மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு திறனை ஒட்டிவிடுகிறார்கள். ரீடபிலிட்டியை ‘வாசிப்புத்திறன்’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். வாசிப்புத்திறன் வாசிப்பவருக்கு உள்ளது. ரீடபிலிட்டி, அதாவது படிக்க எளிதாக இருப்பது, எழுத்துக்கு உள்ளது. ‘இந்தக் கட்டுரையின் வாசிப்புத்திறன் குறைவு’ என்றால், கட்டுரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது என்று அர்த்தம்!

மாற்றுச் சொல் என்ன? குறளில் ‘தெரிந்துவினையாடல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆளை ஆராய்ந்து வேலையில் அமர்த்துவதுதான் அதன் பொருள். ‘வினைக்குரிமை நாடிய பின்றை’ என்று தொடங்கும் 518-ஆம் குறள், வேலைக்கு உரியவனா என்று பார்த்த பிறகே அதை அவனிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. ‘வினைக்குரிமை’ அருமையான சொல். ஆனால் உரிமை என்றால் இன்று சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. வேலை கேட்கும் உரிமை என்று எடுத்துக்கொள்வார்கள். ‘பணித்தகுதி’ என்றால் பட்டம், மதிப்பெண் என்று போய்விடும். இலங்கையில் தகைமை என்பதும் கிட்டத்தட்ட அதே பொருளில் வழங்குகிறது. எனவே என் தேர்வு ‘பணித்தகவு’. தகவு என்றால் பொருத்தம். தகவு என்ற சொல் குறளில் வேறொரு இடத்தில் நடுவுநிலைமையைக் குறிக்கிறது என்று புலவர்கள் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். எனக்குள்ள பயம் வேறு: யாராவது எழுத்துப்பிழை என்று நினைத்து ‘பணித்தகவல்’ ஆக்கிவிடுவார்கள்.

அப்புறம் அந்தச் ‘சர்வதேசத் திறன்கள்’. திறனுக்கு ஏது தேசம்? உள்ளே படித்தால் விஷயம் எளிது. இன்னொரு மொழியில் கூட்டத்தில் பேசுவது; முகத்துக்கு நேரே மறுக்காத வழக்கமுள்ள ஒருவர் ‘பார்க்கலாம்’ என்றால் அது சம்மதமா மறுப்பா என்று பிரித்தறிவது; புரியாதபோது கூச்சப்படாமல் திரும்பக் கேட்பது. இதற்கு ஒற்றைச் சொல் எதற்கு?

கையேட்டின் வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: ‘பிற நாட்டவரோடு சேர்ந்து வேலை செய்யப் பழகிய பட்டதாரிகளின் பணித்தகவு கூடும்.’ தகவு புரியாது என்று திரும்பி வந்தது. ‘பழகிய பட்டதாரிகளை வேலைக்கு எடுக்க நிறுவனங்கள் கூடுதலாக விரும்பும்’ என்று மாற்றினேன். அச்சாகி வந்தபோது பத்து இடத்தில் சரியாக இருந்தது. அட்டையில் மட்டும், பெரிய எழுத்தில், வேலைவாய்ப்புத்திறன்.