முதல் அத்தியாயத்தின் நடுங்கும் கோடு

"பத்து ஆண்டுகளாக ஓடும் ஒரு இணைய காமிக்ஸை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன். அன்று வரைந்தவரும் இன்று வரைபவரும் ஒரே ஆள்தானா?" சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஒரே ஆள்தான். ஆனால் கையசைவைச் சீராக்கும் அவருடைய சிறுமூளை அன்றிருந்தது போல் இல்லை.

உடலமைப்பு, தூரத்தைக் காட்டும் முறை, நிறச் சேர்க்கை எல்லாம் புத்தகத்திலும் காணொளியிலும் கற்றுக்கொள்ளக்கூடியவை. அவற்றை விட்டுவிடுவோம். பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் பெரிதாக்கி, ஒரு கன்னத்தின் கோட்டை மட்டும் பாருங்கள். பழையதில் அது சிறு சிறு கீறல்களாக ஒட்டுப்போட்டிருக்கும், இல்லையென்றால் புழுப்போல் நெளியும். புதியதில் ஒரே வீச்சு.

10 செ.மீ. கோடு ஒன்றை 4 நொடி எடுத்துக்கொண்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். பேனா நுனியைக் கண் தொடர்கிறது. விலகினால் மூளைக்குத் தெரிகிறது, மூளை கைக்குத் திருத்தம் அனுப்புகிறது. இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ 0.15 முதல் 0.2 நொடி ஆகும். அதற்குள் பேனா நகர்ந்திருக்கும் என்பதால், வந்து சேரும் திருத்தம் எப்போதும் பழைய தவற்றுக்கானது. இடப்பக்கம் போனதைச் சரிசெய்யும் உத்தரவு வரும்போது கை தானாகவே நேராகியிருந்தால், கோடு வலப்பக்கம் இழுபடும். போதாததற்கு, எவர் கையிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை நுண்ணிய இயல்பான நடுக்கம் உண்டு. நொடிக்கு 10 என்றே வைத்துக்கொள்வோம். 4 நொடிக் கோட்டில் அது 40 நெளிவு. அதே கோட்டை 0.4 நொடியில் இழுத்தால் நான்கே நெளிவு, அதுவும் நீளவாக்கில் பரவிக் கண்ணில் படாமல் போய்விடும்.

1899-ல் ராபர்ட் வுட்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளர் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் தட்டுக்குக் கோடு போடவைத்துச் சோதித்தார். தாளம் மெதுவாக இருந்தபோது கண்ணைத் திறந்துகொண்டு போட்ட கோடு தெளிவாகவே துல்லியமாக இருந்தது. நிமிடத்துக்கு 140 அசைவுகள் என்ற அளவை நெருங்கியதும், கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பிழை ஏறக்குறைய ஒன்றுதான். அந்த வேகத்தில் கண்ணால் எதையும் திருத்த நேரமில்லை. விட்டெறிந்த கல் மாதிரி, கோடு கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

புதியவரும் வேகமாக இழுக்கலாம். கோடு வழவழப்பாகத்தான் வரும், ஆனால் மூக்கில் முடியவேண்டியது காதில் போய் முடியும். வேகமும் இடமும் சேர்ந்து வரத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

அந்த ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு அலுக்காத பகுதி. சிறுமூளையில் பர்கிஞ்சே என்ற வகைச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் லட்சம் அளவிலான மெல்லிய இணை இழைகள் வழியாகச் செய்தி வருகிறது: கை எங்கே இருக்கிறது, என்ன உத்தரவு போயிருக்கிறது, மணிக்கட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது. அதே செல்லின் மேல், மிளகுக்கொடி மரத்தைப் பற்றி ஏறுவதுபோல், ஏறு இழை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே ஒன்று. நினைத்த கோடும் விழுந்த கோடும் பொருந்தாதபோது அந்த ஏறு இழை ஒரு வலுவான துடிப்பை அனுப்புகிறது. அந்தக் கணத்தில் இயங்கிக்கொண்டிருந்த இணை இழைகளின் பிடி சற்றுத் தளர்கிறது. ஜப்பானிய நரம்பியல் ஆய்வாளர் மசாவோ இத்தோவின் குழு 1982-ல் இதைச் சோதனையில் காட்டியது. வேறு வகை மாற்றங்களும் பின்னர் தெரியவந்தாலும், தவறுதான் பாடம் என்ற மையக் கருத்து மாறவில்லை. அடுத்த முறை அதே வளைவுக்கு உத்தரவு கொஞ்சம் திருந்திப் போகிறது.

கற்றது நினைவில் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. மூளை அறுவைக்குப் பிறகு புதிய நினைவுகளைச் சேமிக்க முடியாமல் போன எச்.எம். என்ற நோயாளி, கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரத்தின் எல்லைக்குள் கோடு போடும் பயிற்சியில் மூன்று நாளில் நன்றாகத் தேறினார். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புதிய வேலை. நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் 1962-ல் பதிவுசெய்தது இது.

ஆகவே "கைராசி" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. படைப்பாளிக்கு வலது மூளை என்று சொல்லிக் குழந்தைகளுக்குக் கட்டண வகுப்பு நடத்துவதை அதைவிடவும் ஏற்பதில்லை. சிறுமூளைக்கு இரண்டு பக்கமும் உண்டு, வரைய இரண்டு அரைக்கோளங்களும் வேண்டும்.

கருவி இந்தப் பாடத்தைக் கெடுக்கவும் செய்யும். வரைகலைச் செயலிகளிலுள்ள கோடு நிலைப்படுத்தி பல புள்ளிகளைச் சராசரியாக்குவதால், திரைக்கோடு கைக்குப் பின்னால் வால்போல் வருகிறது. காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டும் பட்டகக் கண்ணாடியை அணியவைத்த சோதனைகளில், கண்ணுக்குத் தகவல் சற்றே பிந்தினாலும் கை பழகுவது குறைந்தது. எனவே நிலைப்படுத்தியைத் தேவையான அளவு மட்டும் வைத்து, மாதந்தோறும் ஒரு படி குறைக்கலாம். நீண்ட வளைவை மணிக்கட்டால் போடாமல் முழங்கையிலிருந்து வீசவேண்டும். கேன்வாஸைச் சுழற்றி, வளைவின் உட்புறம் உள்ளங்கைப் பக்கம் வருமாறு வைத்தால் பாதி வேலை முடிந்தது. நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்த்த கை கண்ணாடித் திரையில் ஒட்டிக்கொண்டு வீச்சை நடுவில் நிறுத்திவிடும். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மூடும் இரண்டு விரல் கையுறை சில வெள்ளிதான்.

இன்னொரு மாற்றம் வளர்ச்சியே அல்ல, நழுவல். போன வாரப் படத்தைப் பார்த்து இந்த வாரம் வரைகிறோம், இதைப் பார்த்து அடுத்த வாரம். ஒவ்வொரு முறையும் கண் ஒரு இழை பெரிதானாலும் 200 வாரத்தில் கதாநாயகி வேறொருத்தி ஆகிவிடுவாள். நேர், பக்கம், பின் என மூன்று கோணத்தில் ஓர் ஆதாரத் தாள் வரைந்து, எப்போதும் அதையே பார்த்து வரைவதுதான் மருந்து.

கதை வளர்வது காலக்கணக்கால். வாரம் ஒரு பக்கம் என்றால் ஆண்டுக்கு 52. 300 பக்கக் கதைக்கு ஏறக்குறைய 6 ஆண்டு. 8 பக்கச் சண்டை, வாசகருக்கு இரண்டு மாதச் சண்டை. முதல் அத்தியாயத்தில் வைத்த சாவியை 150ஆம் பக்கத்தில் திருப்பினால், வாரந்தோறும் படிப்பவர் மறந்திருப்பார். எம்ஆர்டி ரயிலில் ஒரே மூச்சில் படிப்பவருக்கோ அது நேற்றுப் பார்த்த சாவி. இருவருக்கும் ஒத்துவர, சாவியை ஏறத்தாழ 40 பக்கத்துக்கு ஒருமுறை ஏதாவது மூலையில் காட்டவேண்டும். தொடக்கத்தில் யாரும் இதைத் திட்டமிடுவதில்லை. கையைப் போலவே கதையும் முதலில் விழுந்த பிறகு திருத்தப்படுகிறது, பிறகுதான் முன்கூட்டி வீசப்படுகிறது.

தமிழில், பேச்சை எழுதும் பலூன் தனிச் சிக்கல். "போகவேண்டியிருக்கிறது" 11 எழுத்து, "போகணும்" 4. கைபேசிக்கென்று 800 பிக்சல் அகலத்தில் வெளியிடும்போது நீளச் சொல் பலூனை வீங்கவைத்து முகத்தை மறைக்கும். பேச்சுத்தமிழுக்கு மாறிய காமிக்ஸ்களில் படமும் தேறியதுபோல் தோன்ற இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பொறுமைக்கு யார் காசு தருவார்கள்? சிங்கப்பூர்க் காமிக்ஸ் ஓவியர் சன்னி லியூவின் 'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சை', ஒரு கற்பனை ஓவியரின் பல பத்தாண்டுப் பாணி மாற்றங்களையே கதையாக்கியது. 2015-ல் சிங்கப்பூரின் தேசியக் கலைகள் மன்றம் அதற்கான 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றது. 2017-ல் அந்நூல் காமிக்ஸ் உலகின் பெருமைமிக்க ஐஸ்னர் விருதுகளில் மூன்றை வாங்கியது. மானியம் முடிந்த புத்தகத்துக்கு மட்டுமல்ல, முதல் 100 மோசமான பக்கங்களுக்கும் போகவேண்டும் என்பது என் கட்சி.

வாசகி இன்னொன்றும் கேட்டிருந்தார்: பழைய அத்தியாயங்களைத் திரும்ப வரைந்தால் என்ன? 50 பக்கம், வாரம் ஒன்று, ஓர் ஆண்டு. அதற்குள் கை மறுபடி மாறியிருக்கும், புதுக்கதையும் நின்றிருக்கும். பலூன் எழுத்தை மட்டும் பெரிதாக்கி மாற்றினால் சில மாலைகளில் முடிந்துவிடும், புதிதாக வருகிறவர் மூன்றாம் பக்கத்தைத் தாண்டுவார்.