மைல்கல் - சொல் விளக்கம்

சாலையோரத்தில் தொலைவைக் காட்ட நட்டிருக்கும் கல்லே மைல்கல். பெரும் சாதனையையும் இன்று 'ஒரு மைல்கல்' என்கிறோம். அது பின்னால் வந்த பொருள்.

'மைல்' என்பதன் வேர், லத்தீனில் ஆயிரத்தைக் குறிக்கும் 'மில்லே'. ரோமானியர் ஆயிரம் இரட்டைக் காலடிகளை ஒரு தொலைவு அளவாக வைத்திருந்தார்கள். இன்றைய மைல் 1.609 கிலோமீட்டர். மைலுக்கு ஒரு கல் நட்டதால் நம் பேச்சில் கல்லே அளவாகிவிட்டது: 'ஊருக்கு ரெண்டு கல் தூரம்' என்றால் இரண்டு மைல். இலங்கையிலும் மலேசியாவிலும் அதையே 'கட்டை' என்பார்கள். 'ஆறாம் கட்டை' போன்றவை அங்கே இடப்பெயராகவே நிலைத்துவிட்டன.

கல் நட்டுத் தொலைவைக் காட்டும் வழக்கம் ஆங்கிலேயரோடு வந்ததல்ல. தருமபுரிப் பகுதியில் கிடைத்த பழைய கல் ஒன்றில் 'அதியமான் பெருவழி' என்ற பெயரும், நாவல்தாவளம் என்ற இடத்துக்குக் காதம் 29 என்ற தொலைவும் வெட்டப்பட்டுள்ளன. எழுத்துக்குக் கீழே இரண்டு பெரிய குழிகள், ஒன்பது சிறிய குழிகள். பெரியது பத்து, சிறியது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரரும் குழியைத் தடவிப் பார்த்தே தொலைவை அறிந்துகொள்ளலாம். இவ்வளவு அக்கறையோடு செய்த தொலைவுக்கல் வேறு உண்டா என்று வியக்க வைக்கும் கல் அது.

அதற்காக இன்று 'காதக்கல்' என்று எழுதுவது பொருந்தாது. காதத்தின் அளவு இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறியது. நம் சாலைகளில் இப்போது மைலும் இல்லை. எந்த அளவுக்கும் பொருந்தும் 'தொலைவுக்கல்' என்பதே சரியான தமிழ்ச் சொல். அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'கிலோமீட்டர் கல்' என்று எழுதலாம்.

கல்லின் தலை நிறமே சாலையின் வகையைச் சொல்லிவிடும். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஈரோட்டிலிருந்து கோபி, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாக ஊட்டிக்குப் போகும் மாநில நெடுஞ்சாலை 15 போன்ற சாலைகளில் பச்சைத் தலைக்குக் கீழே ஊர்ப்பெயரும் தொலைவும் இருக்கும். சாதாரணக் கல்லில் அடுத்த ஊரின் பெயர்தான் வரும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் பெரிய கல்லில் சாலை முடியும் ஊரும் சேர்ந்து வரும். வழிகாட்டிப் பலகையில் இடம் கிடைக்காத சிற்றூருக்குச் சாலையில் பெயர் எழுதி நிற்பது பெரும்பாலும் இந்தக் கல் ஒன்றில்தான். அதனால்தான் அதில் எழுத்துப்பிழை இருந்தால் கட்டாயம் திருத்தச் சொல்ல வேண்டும்.

அடுத்தடுத்த இரு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சிறு கல் வரும். அதில் 2, 4, 6, 8 என்று எண் மட்டும் இருக்கும். 6 என்றால் 600 மீட்டர்.

சாலையை மறுபடி மறுபடி தார் போட்டு உயர்த்தும்போது, தார் விளிம்புக்கு வெளியே உள்ள மண்ணையும், அதாவது சாலைப் புருவத்தையும், உயர்த்துவார்கள். கல்லை எடுத்து நடாமல் மண்ணை மட்டும் கொட்டினால் முதலில் கிலோமீட்டர் எண் புதையும், பிறகு ஊர்ப்பெயர். அகலப்படுத்தும் வேலையில் பிடுங்கிய கல்லை அளக்காமல் கைக்கு வந்த இடத்தில் நட்டுவிடுவது அதைவிட மோசம், ஏனென்றால் புதைந்த கல் பொய் சொல்லாது. சாலையின் வகை மாறும்போதும் குழப்பம் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலை மாநில நெடுஞ்சாலை 49 ஆக இருந்தது. அதன் மாமல்லபுரம்–புதுச்சேரிப் பகுதி இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. இப்படி மாறும் இடங்களில் தலைக்கு மஞ்சள் அடித்தால் மட்டும் போதாது. எண் எங்கிருந்து தொடங்குகிறது என்பதும் மாறியிருக்கும்.

விபத்து நடந்த இடத்தை 108க்குச் சொல்லும்போது சாலை எண், கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் எண், சிறு கல்லின் எண் ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் உள்ள 23/2 போன்ற எண்ணைத் தொலைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது 23ஆவது கிலோமீட்டரில் உள்ள இரண்டாவது பாலம் என்றுதான் பொருள்.