கினிப்பன்றிக்கு பெலட் (கடையில் விற்கும் உலர் தீன்) கிடைக்கவில்லையா? முற்றத்துக் கொய்யாவைப் பாருங்கள்

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து ஒரு கினிப்பன்றியைக் கொண்டு வந்தார். கூடவே கண் கலங்கிய மகன். "கடையில பெலட் முடிஞ்சு ஒரு மாசம் டொக்டர். கரட்டும் வெள்ளரிக்காயும்தான் குடுத்தனாங்கள். இப்ப பின்னங்காலை இழுக்குது" என்றார். மூட்டைத் தொட்டதும் அது கீச்சிட்டது. முரசில் இரத்தம் கசிந்திருந்தது.

விட்டமின் சி குறைபாடு. மாடு, ஆடு, முயல் எல்லாம் இந்தச் சத்தைத் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும். கினிப்பன்றியால் முடியாது. இதில் அது மனிதரைப் போல. தினமும் உணவில் கிடைத்தாக வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை, சினைப்பட்டிருந்தால் இன்னும் கூட.

பெலட் நின்றதுதான் காரணம் என்று அந்த அம்மா தன்னையே நொந்துகொண்டார். ஆனால் அவர் முன்பு வாங்கியது முயல் பெலட். அதில் பொதுவாக விட்டமின் சி சேர்ப்பதில்லை. கினிப்பன்றிக்கென்றே செய்ததிலும், பையைத் திறந்து நம் வெயிலில் வைத்தால் அது மெல்ல மெல்ல அழிந்துவிடும். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைக் குடும்பங்கள் காலங்காலமாகப் புல்லும் அடுப்படி இலைதழையும் போட்டுத்தான் இவற்றை வளர்க்கிறார்கள்.

ஆகவே முதலில் புல். உணவில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். கினிப்பன்றியின் பற்கள் எல்லாமே ஆயுள் முழுக்க வளரும். நார்ப்புல்லை மென்றால்தான் தேயும், குடலும் ஓடும். வன்னியில் தெருவோரமெல்லாம் கினிப்புல் நிற்கிறது, அறுகும் உண்டு. வயல் வரம்புப் புல்லை மட்டும் வெட்டாதீர்கள். காலபோகம், சிறுபோகம் இரண்டிலும் களைநாசினி அடிக்கிறார்கள், அது புல்லில் இருக்கும். வைக்கோல் படுக்கைக்குச் சரி, அதில் சத்து மிகக் குறைவு. மாரி விட்டதும், தை மாசியில், பூக்காத இளம்புல்லை வெட்டி இரண்டு மூன்று நாள் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, காற்றோட்டமாகக் கட்டி வையுங்கள். ஆடி ஆவணியில் எங்கும் காய்ந்து கிடக்கும்போது அது கைகொடுக்கும். பூஞ்சணம் மணந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

அப்புறம் கொய்யா. 100 கிராம் பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் விட்டமின் சி இருக்கிறது. பெருவிரல் அளவுத் துண்டு ஒன்று, 10 கிராம், ஒரு நாளுக்குப் போதும். பழத்தில் இனிப்பு இருப்பதால் அதற்கு மேல் வேண்டாம். பழம் இல்லாத நாளில் குடைமிளகாய் கொடுக்கலாம். ஒரு பிடி மல்லியிலையும் நல்லது. கரட்டிலும் வெள்ளரியிலும் இந்தச் சத்து மிகக் கொஞ்சம். சத்துள்ளது என்று முருங்கையிலையையும் பசளியையும் தினமும் கொடுக்கிறார்கள்; முருங்கையில் கல்சியம் அதிகம், பசளியில் ஒக்சலேற் அதிகம், மூத்திரப்பையில் கல் வரலாம். கிழமைக்கு ஒருமுறை கொஞ்சமாகப் போதும். வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்கு, பட்டர்ப்பழம் கூடவே கூடாது. பாண், சோறு, கோழித்தீன் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். விட்டமின் துளியைத் தண்ணீரில் கலப்பதால் பலனில்லை, விரைவில் சிதைந்துவிடும்.

பெலட்டிலிருந்து மாற்றும்போது இரண்டு கிழமை எடுத்து மெதுவாக மாற்றுங்கள். கிழமைக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நோயை முதலில் காட்டுவது எடைதான்.

அந்தப் பிள்ளையின் கினிப்பன்றிக்கு விட்டமின் சி ஊசி போட்டு, தினமும் கொய்யாத்துண்டு கொடுக்கச் சொன்னேன். மூன்று கிழமையில் நான்கு காலும் ஊன்றி நடந்தது.

உங்களுடையது அரை நாளாக ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே கொண்டு வாருங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிசிலின் மருந்தை மட்டும் வாயில் ஊற்றிவிடாதீர்கள். மனிதருக்குப் பழக்கமான அந்த மருந்து, கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று அதன் உயிரையே எடுத்துவிடும்.