எலூட்ரியேஷன்: அரித்துப் பிரித்தல்

மணலை அளவுவாரியாகப் பிரிக்கச் சல்லடை போதும். சுமார் 63 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே இறங்கினால் வண்டலும் களியும்தான். கண்ணி அடைத்துக்கொள்ளும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெரிய துகள்போல நடிக்கும். அந்த இடத்தில் ஆய்வகம் சல்லடையை வைத்துவிட்டு நீரைக் கையில் எடுக்கிறது. அப்படிப் பிரிக்கும் வழிகளில் ஒன்றுக்குத்தான் எலூட்ரியேஷன் என்று பெயர்.

இலத்தீனில் 'எலூட்ரியாரே' என்றால் கழுவி வெளியேற்றுதல், வடித்தெடுத்தல். கலவைகளைப் பிரிக்கும் வேதியியல் முறையான குரோமட்டோகிராபியில் வரும் 'எலூஷன்' ஒலியில் இதற்குப் பக்கத்து வீடு, வேலையில் வேறு: அங்கே பரப்பில் ஒட்டியதைக் கரைப்பான் கழுவி எடுக்கும், துகளின் அளவுக்கு அங்கே வேலையில்லை.

சரி, நீருக்குத் துகளின் அளவு எப்படித் தெரியும்? 1851இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் தந்த விதிப்படி, சிறு கோளம் ஒன்று நீரில் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸ் நீரில் 20 மைக்ரான் குவார்ட்ஸ் (மணலில் மிகுந்திருக்கும் கனிமம்) துகள் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறக்குறைய நாலரை நிமிடம் ஆகும். 2 மைக்ரான் துகளுக்கோ கிட்டத்தட்ட 8 மணி நேரம். இன்னொரு வழியான பிப்பெட் (உறிஞ்சுகுழாய்) முறையில் இந்தக் காத்திருப்புதான் வேலையே: ஒரு லிட்டர் ஜாடியைக் கலக்கி வைத்து, கணக்கிட்ட நேரத்தில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் கொஞ்சம் உறிஞ்சி, உலர்த்தி எடை போடுவார்கள்.

எலூட்ரியேஷனில் காத்திருப்பதில்லை, நீரை எதிரே ஓட்டுகிறார்கள். நிமிர்ந்த குழாயில் கீழிருந்து மேலே சீராக நீர் ஏறுகிறது. விழும் வேகம் நீரின் வேகத்தைவிடக் குறைந்த துகள் மேலே போய் வழிந்துவிடும். மற்றது கீழேயே தங்கும். நீர் நொடிக்கு 0.36 மில்லிமீட்டர் ஏறினால் 20 மைக்ரானுக்குக் குறைந்த குவார்ட்ஸ் எல்லாம் வெளியே. வழிந்ததை இருமடங்கு அகலமான குழாயில் விட்டால் வேகம் நாலில் ஒரு பங்காகிறது, பிரியும் எல்லை சரிபாதியாக 10 மைக்ரானுக்கு இறங்குகிறது. குழாய்களை அகல வரிசையில் தொடுத்தாலே ஒரே ஓட்டத்தில் பல அளவுகள் கிடைக்கும். எனக்கு இந்தக் கணக்கு அலுப்பதே இல்லை.

இதற்குத் தமிழ் என்ன? 'சலித்தல்' என்றால் கண்ணி வேண்டும். 'கொழித்தல்' முறத்தில், உலர்ந்தபடி நடப்பது. 'தெளியவைத்து இறுத்தல்' வேறு செயலுக்குப் பாடநூல் கொடுத்துவிட்ட பெயர். அங்கே நீர் நின்றபடி இருக்கும். 'கழுவிப் பிரித்தல்' இலத்தீனுக்கு நேர், ஆனால் அழுக்கு நீக்குவதாகத் தோன்றும். மிச்சம் 'அரித்தல்'. தானியத்தை நீரில் அலசி அலசி வேறு பாத்திரத்துக்கு ஓட்டி, கல்லை அடியிலேயே நிறுத்துவதும் அரித்தல்தான்; ஆற்று மணலில் பொன் எடுப்பதும் அரித்தல்தான். ஓடும் நீர் லேசானதைக் கொண்டுபோக, கனமானது பின்தங்குகிறது. குழாயில் நடப்பதும் அதுவே.

'அரிப்பு' என்றால் மண் அரிப்பும் தோல் அரிப்பும் நினைவுக்கு வருமே என்பார்கள். தோலை விடுங்கள்; மண் அரிப்பிலும் நீர் நுண்மண்ணைத்தானே முதலில் இழுத்துப் போகிறது! ஆனாலும் குழப்பம் குழப்பம்தான், அதனால் பெயர்ச்சொல்லாக 'அரிப்பு' வேண்டாம். 'அரித்துப் பிரித்தல்' என்றே எழுதலாம். கருவிக்கு 'அரிகுழாய்' என்பது என் பரிந்துரை. நீருக்குப் பதில் காற்றை ஏற்றிப் பிரிப்பதையும் ஆங்கிலம் எலூட்ரியேஷன் என்றே சொல்கிறது. நமக்கு அதற்குத் 'தூற்றுதல்' தனியாகவே இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அரித்துப் பிரித்தால் கிடைப்பது நேரடியான அளவு அல்ல, விழும் வேகம். தகடான மைக்கா (காக்காப்பொன்) மெதுவாக விழுவதால் தன்னைவிடச் சின்ன குவார்ட்ஸோடு சேர்ந்து வெளியேறும். குழாய்ச் சுவரோரம் நீர் மந்தமாகவும் நடுவில் வேகமாகவும் ஓடுவதால் எல்லையும் கொஞ்சம் மங்கும். முடிவை எழுதும்போது 'குவார்ட்ஸ் கோளமாகக் கொண்டால்' என்று ஒரு சொற்றொடர் கூடவே வருவது அதனால்தான்.