ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கப் போகிறவர்களுக்கு

மரப் பராமரிப்பில் மேற்படிப்பு என்றதும் பலர் நினைப்பது இன்னும் நிறைய மரப் பெயர்கள், இன்னும் நிறைய நோய்ப் பெயர்கள், கூடவே கொஞ்சம் லத்தீன். அதெல்லாம் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை, உயர்நிலைத் தேர்வுகளில் ஆட்கள் தடுமாறுவது அங்கே இல்லை. "இந்த மரம் நிற்கலாமா, கூடாதா?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து, காரணத்தோடு பதில் எழுதி அடியில் கையெழுத்துப் போடச் சொல்லும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. பல வருடம் மரம் ஏறியவருக்கும் நிற்கிறது, தாவரவியலில் முதல் வகுப்பில் தேறியவருக்கும் நிற்கிறது.

இந்தத் துறையில் ஏணிகள் பல. உலக அளவில் அதிகம் புழங்குவது ஐ.எஸ்.ஏ. என்ற, மரப் பராமரிப்பாளர்களின் பன்னாட்டுச் சங்கத்தின் சான்றிதழ். 1924இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு அது. மூன்று ஆண்டு வேலை அனுபவமோ, அதற்கு ஈடான படிப்பும் அனுபவமும் கலந்தோ இருந்தால் 'சர்ட்டிஃபைட் ஆர்போரிஸ்ட்', அதாவது சான்று பெற்ற மரப் பராமரிப்பாளர், தேர்வு எழுதலாம். உச்சியில் இருப்பது 'போர்டு சர்ட்டிஃபைட் மாஸ்டர் ஆர்போரிஸ்ட்'. சங்கத்தின் சான்று பெற்றவர்களில் மிகச் சிலரே அந்த இடத்துக்குப் போகிறார்கள். பிரிட்டனில் கணக்கு வேறு. லெவல் 2, 3 என்பவை பெரும்பாலும் கயிறும் ரம்பமும் அதற்கான அடிப்படை அறிவும். லெவல் 4 பல்கலைக்கழக முதலாண்டுத் தரம். லெவல் 6 புரொஃபெஷனல் டிப்ளமோ என்பது ஹானர்ஸ் பட்டப் படிப்பின் இறுதியாண்டுத் தரம். அதற்கப்பால் 'சார்ட்டர்டு ஆர்போரிகல்ச்சரிஸ்ட்' என்ற தகுதியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஏறி வெட்டுபவரிடம் லெவல் 3 கேட்பார்கள், அறிக்கை எழுதுபவரிடம் லெவல் 5 டிப்ளமோ. ஐரோப்பாவிலும் 'ட்ரீ ஒர்க்கர்', 'ட்ரீ டெக்னீஷியன்' என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

பெயர் எதுவானாலும், எல்லா ஏணியிலும் ஏதோ ஒரு படியில் வேலையே மாறிவிடுகிறது. அதுவரை மதிப்பெண் கைக்கு, அதற்கு மேல் அபிப்பிராயத்துக்கு. இந்த மாற்றம் தெரியாமல் சேர்ந்தவர்கள்தான் பாதியில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

கிளை வெட்டுவதையே எடுத்துக்கொள்வோம். கிளையின் அடியில் இருக்கும் வீங்கிய கழுத்துப் பகுதியை விட்டு வெட்ட வேண்டும், அடிமரத்தோடு ஒட்ட இழைத்து வெட்டக்கூடாது என்பது தொடக்க நிலையிலேயே சொல்லித் தருவது. ஏன் என்பதுதான் மேல் நிலையின் கேள்வி. அதற்குப் பதில் தேடினால் அலெக்ஸ் ஷைகோவிடம் போய் நிற்பீர்கள். அமெரிக்க வனத்துறையில் ஆராய்ச்சியாளராக இருந்தவர். அடிமரங்களைக் குறுக்கே மட்டும் வெட்டிப் பார்க்காமல், ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து, காயம் பட்ட இடத்திலிருந்து அழுகல் எந்தத் திசையில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1977இல் வெளியான 'கோடிட்' என்ற விளக்க மாதிரி. மரம் புண்பட்ட திசுவைப் புதுப்பித்துக்கொள்வதில்லை, அந்த இடத்தைச் சுற்றி நான்கு தடுப்புகள் எழுப்பி அதை ஒதுக்கி வைக்கிறது என்பது அதன் சாரம். மேலும் கீழும் பரவுவதைத் தடுக்கும் முதல் தடுப்பு மிகப் பலவீனமானது. உள்நோக்கிப் போவதை வளர்ச்சி வளையங்களும், பக்கவாட்டில் போவதை, மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் ஆரக்கதிர்த் திசுக்களும் கொஞ்சம் தாமதப்படுத்துகின்றன. காயத்துக்குப் பிறகு உருவாகும் புதிய மரத்துக்கும் பழைய மரத்துக்கும் நடுவே அமையும் நான்காவது தடுப்புதான் வலுவானது. உள்ளே பொந்து விழுந்த மரங்கள் வெளியே ஆண்டுக்காண்டு பருத்து நிற்பது இதனால்தான். வெட்டுக்காயத்தில் தார் பூசுவதால் மரத்துக்கு நன்மை இல்லை என்பதும் இதோடு சேர்ந்து விளங்கிவிடும்.

இதோடு நின்றால் பாடம் முடிந்தது. லெவல் 6 அடுத்த கேள்வியைப் போடுகிறது: இந்தத் தடுப்புகளை உடைக்கும் காளான் எது, மதிப்பது எது? கனோடெர்மா பேரினத்திலேயே, பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும் இரண்டு காளான் இனங்கள் உண்டு. அட்ஸ்பெர்சம் மரத்தின் எதிர்ப்பு வளையத்தைத் துளைத்துக்கொண்டு போகும், அப்ளனேட்டம் பொதுவாக அப்படிப் போவதில்லை. 'அடிமரத்தில் காளான் இருக்கிறது' என்று அறிக்கையில் எழுதி, அதனால் மரத்தை வெட்டு என்று முடிப்பவருக்கும், எந்தக் காளான் என்று பார்த்து எழுதுபவருக்கும் உள்ள தூரம் அது. லத்தீன் பெயர் அலங்காரத்துக்கு இல்லை. கிரெட்ஷ்மேரியா டியூஸ்டா என்று ஒன்று இருக்கிறது. அடிமரத்தின் வேர்ப் பிரிவில் கரி பூசியது போன்ற ஒரு மெல்லிய கறுப்புப் பொருக்காக மட்டும் தெரியும். மேலே தழை செழிப்பாகவே இருக்கும். உள்ளே மரம் வளையும் தன்மையை இழந்து மொறுக்கென்று முறியும் நிலைக்கு வந்திருக்கும். மரத்தின் உச்சியை மட்டும் பார்த்துப் 'பச்சையாக இருக்கிறது, கவலை இல்லை' என்று சொல்கிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எண்களும் இப்படித்தான். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் பணியாற்றிய கிளாஸ் மாத்தெக், வெளிப்பார்வையில் தெரியும் அடையாளங்களைக் கொண்டு மரத்தின் உள்நிலையை ஊகிக்கும் முறையை உருவாக்கினார். முழுத்தழையோடு நிற்கும் மரத்தில், பொந்தைச் சுற்றி மிஞ்சிய கெட்டி மரத்தின் தடிமன் அடிமரத்தின் ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் முறிவு ஆபத்து கூடுகிறது என்பது அவர் சொன்ன அளவுகோல். பயனுள்ள எண்தான். பின்னால் வந்தவர்கள் அதைப் பல கோணங்களில் கேள்வி கேட்டிருக்கிறார்கள். தழை குறைக்கப்பட்ட மரத்துக்கு அது பொருந்துமா? பொந்து ஒரு பக்கம் வாய் திறந்திருந்தால்? அகலத்துக்கு ஏற்ற உயரம் இல்லாத பழைய குட்டை மரத்துக்கு? கீழ்ப்படியில் இந்த எண்ணை மனப்பாடம் செய்தால் போதும். மேல்படியில் அது எங்கே செல்லாது என்று எழுதினால்தான் மதிப்பெண்.

வேர்ப் பகுதிதான் என்னைப் பொறுத்தவரை பாடத்திட்டத்திலேயே அதிகம் பயன்படும் பகுதி. படம் வரையச் சொன்னால் எல்லோரும் மரத்தின் தழையை அப்படியே தலைகீழாக மண்ணுக்குள் வரைகிறார்கள். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், முதல் ஒரு மீட்டருக்குள், தழை நிழலையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகின்றன. கட்டுமானப் பணிகளுக்கான பிரிட்டிஷ் தர விதி 5837, 2012 பதிப்பு, பாதுகாக்க வேண்டிய வேர்ப் பரப்புக்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறது: அடிமரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரம். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு 7.2 மீட்டர். எவ்வளவு பெரிய மரமானாலும் 707 சதுர மீட்டரோடு வரம்பு. கேபிள் போட அரை மீட்டர் ஆழத்துக்குத்தானே தோண்டுகிறோம், வேர் அதற்கும் கீழே அல்லவா இருக்கும் என்று சொல்பவருக்கு இதைக் காட்டினால் போதும். மரம் உடனே வாடாது என்பதுதான் சிக்கல். சில ஆண்டுகள் கழித்து உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும்போது குழி தோண்டியதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. லாரி நின்று இறுகிப்போன மண்ணும் அப்படித்தான் கொல்கிறது, அங்கே தோண்டிய தடம்கூட இருக்காது.

ஆபத்து மதிப்பீடு என்று தனியே ஒரு தகுதி உண்டு. ஐ.எஸ்.ஏ.வின் 'ட்ராக்' பயிற்சி அதில் பரவலானது. முறிய எவ்வளவு வாய்ப்பு, முறிந்தால் எதன்மேலாவது விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் விளைவு என்ன என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. எந்தக் காலக்கெடுவுக்கு இந்த மதிப்பீடு என்றும் குறிப்பிட வேண்டும். இற்றுப்போன மரம் யாரும் போகாத இடத்தில் நின்றால் ஆபத்து குறைவு. நல்ல மரமும் பள்ளி வாசலில் நின்றால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் மரம் விழுந்து ஓராண்டில் ஒருவர் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு கோடியில் ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த எண் தெரிந்தவர் ஒவ்வொரு விரிசலையும் பார்த்துப் பதறமாட்டார். தெரியாதவர் வெட்டச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். வெட்டச் சொல்வது எப்போதும் பாதுகாப்பான பதில் என்ற எண்ணம் இந்தத் துறையில் ஆழமாக ஊறியிருக்கிறது. யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் அல்லவா. மேற்படிப்பு அந்த வசதியைப் பறித்துவிடுகிறது: வெட்டு என்று எழுதினாலும் காரணம் காட்டு, விடு என்று எழுதினாலும் காரணம் காட்டு.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய ஊசியால் துளையிட்டு மரத்தின் கெட்டித்தன்மையை வரைபடமாகத் தருவது ஒன்று, அடிமரத்தைச் சுற்றி உணரிகள் வைத்து ஒலியின் வேகத்தை அளந்து வண்ணப் படமாகத் தருவது இன்னொன்று. இரண்டும் நல்லவை, இரண்டும் விலை அதிகம். ஆனால் முதலாவது மரம் கட்டிய தடுப்பையே துளைத்துக்கொண்டு போகிறது. இரண்டாவதில் உள்ளே ஒரு விரிசல் இருந்தால் ஒலி சுற்றிக்கொண்டு போவதால் படத்தில் பெரிய அழுகல் மாதிரி தெரியும். நைலான் சுத்தியலால் தட்டிக் கேட்டுப் பழகாதவர் கையில் அந்த வண்ணப் படம் தப்பான தைரியத்தைக் கொடுக்கும்.

சட்டப் பகுதியை எல்லோரும் வெறுக்கிறார்கள். அவசியமான ஒரு விஷயம் மட்டும்: நிபுணர் சாட்சியாகப் போனால், பணம் கொடுத்தவருக்கு அல்ல, நீதிமன்றத்துக்குத்தான் முதல் கடமை. இங்கிலாந்தில் உரிமையியல் நடைமுறை விதிகளின் 35ஆம் பகுதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது. மரத்தைப் பார்வையிட்டு 'வெட்ட வேண்டும்' என்பவரே வெட்டுக்கூலிக்கும் விலை சொன்னால், அங்கே நலன் முரண் இருக்கிறது என்பதை அறிக்கையிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

சேர நினைப்பவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், செலவில்லாதது. எந்த மரத்தை வெட்டப் போனாலும், வெட்டும் முன் உள்ளே என்ன இருக்கும் என்று எழுதி வையுங்கள்: அழுகல் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், கெட்டி மரம் எத்தனை சென்டிமீட்டர் மிஞ்சியிருக்கும். வெட்டிய பிறகு அளந்து பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு துண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். ஷைகோ செய்ததும் அதுதான். ஏறுபவர்களுக்கு இதில் பெரிய அனுகூலம் இருக்கிறது. வகுப்பறையிலிருந்து வருபவருக்கு இத்தனை மரங்களின் உள்ளே பார்க்க வாய்ப்பே கிடைக்காது. ஏறுபவர் தளர்ந்துபோகும் இடம் எழுத்து. பார்த்ததையும் அனுமானித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுகிறார்கள். 'வடக்குப் பக்கம் 40 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டை உரிந்திருக்கிறது' என்பது பார்த்தது. 'வேர் செத்துவிட்டது' என்பது அனுமானம். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதப் பழகினாலே அறிக்கை பாதி தேறிவிடும். வேலையோடு சேர்த்துத் தொலைநிலையில் படிப்பவர்கள் மண்ணியலையும் எழுத்தையும் முதலில் முடித்துவிடுவது நல்லது. காளான்களை வருடம் முழுவதும் வெளியில் பார்த்துக்கொண்டேதான் படிக்க முடியும், பரீட்சைக்கு முந்தைய வாரத்தில் படிக்க முடியாது.

மரம் வைத்திருப்பவர்கள் இத்தனையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தலையை மொட்டையடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். மொட்டையடித்த இடத்திலிருந்து கிளம்பும் புதுக் கிளைகள் உறுதியாகப் பற்றுவதில்லை, வெட்டுமுகம் அழுகும், சில ஆண்டில் முன்னைவிட ஆபத்தான மரம் உங்களிடம் இருக்கும். கவாத்துக்கு வந்தவர் காலில் கூர்முள் கட்டி ஏறினாலும் அப்படியே. விட்டு வைக்கப்போகும் மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டால் போதாது, இப்போது செல்லுபடியாகிறதா என்று கேளுங்கள். ஐ.எஸ்.ஏ. ஆர்போரிஸ்ட் சான்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, தொடர் கல்வி மதிப்பெண்கள் காட்டியோ மறுதேர்வு எழுதியோ புதுப்பிக்கப்பட வேண்டியது. 'ட்ராக்' ஐந்து ஆண்டு. சங்கத்தின் இணையப் பட்டியலில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். அறிக்கை கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தில் மறுபார்வைத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.