பிராண்டு வேறு, சின்னம் வேறு

"சின்னம் என்பது வணிகச் சின்னம் அல்ல." அச்சுக்குப் போகக் காத்திருந்த ஒரு வடிவமைப்பு நிறுவனத்தின் அறிமுக ஏட்டில் இந்த வரி கொட்டை எழுத்தில் இருந்தது. படித்துப் பார்த்தும் புரியாமல், ஆங்கில மூலத்தைக் கேட்டு வாங்கினேன். வரைகலைக்காரர்கள் வாடிக்கையாளரிடம் ஓயாமல் சொல்கிற சங்கதிதான் அது: லோகோ வேறு, பிராண்டு வேறு. மொழிபெயர்த்தவர் லோகோவைச் சின்னம் என்றும் பிராண்டை வணிகச் சின்னம் என்றும் போட்டிருக்கிறார். இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்டுவிட்டு, இரண்டும் வேறு வேறு என்று எப்படிச் சொல்வது?

ஒரு ஆளின் கைப்பிழை என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. 'வணிகச் சின்னம்' இப்போது எங்கும் இருக்கிறது. விளம்பர நிறுவனங்களின் தமிழ்ப் பக்கங்களில், நிர்வாகவியல் பாடக் குறிப்புகளில், செயலிகளின் அறிவிப்புகளில். 'உங்களை ஒரு வணிகச் சின்னமாக மாற்றிக்கொள்வது எப்படி?' என்று ஒரு சுயமுன்னேற்றக் கட்டுரை கேட்கிறது. வேலை தேடுகிற பையன் இதைப் படித்துவிட்டு நெற்றியில் எதையாவது ஒட்டிக்கொள்ள வேண்டுமோ என்று யோசித்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று பார்த்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் பிராண்டு என்றால் நெருப்பு, எரிகிற கட்டை, கொள்ளி. காய்ச்சி வடித்த மதுவுக்கு டச்சுக்காரர்கள் 'எரித்த ஒயின்' என்று வைத்த பெயர் தேய்ந்து பிராந்தி ஆனது. அதுவும் இதே குடும்பம். அப்புறம் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் போடும் சூடு, சூட்டின் தழும்பு, மாட்டிலும் மரப்பீப்பாயிலும் 'இது இன்னாருடையது' என்று காட்டும் அடையாளம். 19ஆம் நூற்றாண்டில் அந்த அடையாளத்தோடு வரும் சரக்கு. 20ஆம் நூற்றாண்டில் அந்தச் சரக்கைப் பற்றி வாங்குகிறவர் மனத்தில் படிந்திருக்கும் எண்ணம் மொத்தமும். 'நல்ல மாட்டுக்கு ஒரு சூடு' என்கிற நமக்கு இதில் முன்பாதி ஒன்றும் புதிதில்லை. சிக்கல் கடைசிப் படியில்தான். கொள்ளிக்கட்டையில் தொடங்கிய சொல் மனத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. 'வணிகச் சின்னம்' என்று எழுதுகிறவர்கள் இன்னும் மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் சும்மா விட மாட்டார்கள், சட்டத்தைக் காட்டுவார்கள். இந்தியாவின் 1999ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டம் 'மார்க்' என்பதை விளக்கும்போது உருவம், பிராண்டு, தலைப்பு, லேபிள், சீட்டு, பெயர், கையொப்பம், சொல், எழுத்து, எண், பொருளின் வடிவம், பொதி, நிறச் சேர்க்கை என்று அடுக்கிக்கொண்டே போகிறது. 'பாருங்கள், பிராண்டும் ஒரு குறிதானே' என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்த அடுக்கின் முன்பகுதி 1905ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே பிராண்டு பழைய பொருளில் நிற்கிறது: சரக்கின் மேல் பதித்த தடம், அவ்வளவுதான். சட்டம் பழஞ்சொல்லைப் பத்திரமாக வைத்திருக்கும். அது அதன் இயல்பு. இன்றைக்கு ஒரு வடிவமைப்பாளர் 'பிராண்டிங் செய்கிறேன்' என்று சொல்லும்போது அந்தப் பொருளில் சொல்வதில்லை.

பிரிட்டனின் பதிவேட்டில் முதலாவதாக ஏறிய டிரேட் மார்க், 'பாஸ்' என்ற பீர் ஆலையின் சிவப்பு முக்கோணம், ஆண்டு 1876. பதிவானது முக்கோணம். முக்கோணத்தைப் பார்த்ததும் குடிக்கிறவர் நாவில் ஊறியது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அந்த ஊறல்தான் பிராண்டு.

சரி, பொருள் பொருந்தாவிட்டாலும் தமிழ்க் காதுக்காவது அந்தச் சொல் ஏதாவது உதவி செய்கிறதா? சின்னம் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வாக்குச்சாவடி. 1989 தேர்தலில் அ.தி.மு.க.வின் இரண்டு அணிகளும் இரட்டை இலை கிடைக்காமல் சேவலிலும் இரட்டைப் புறாவிலும் நின்றன. 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலின்போது இலை மறுபடியும் முடங்கியது. சின்னம் என்பது ஒதுக்குவது, முடக்குவது, பறிப்பது; ஒரு படம், அதற்கு ஒரு உத்தரவு. இதையெல்லாம் அறுபது எழுபது வருடத் தேர்தல்கள் தமிழனுக்கு நன்றாகப் படித்துக்கொடுத்துவிட்டன. இப்படி ஒரே பொருளில் ஊறிப்போன சொல்லின் முன்னால் 'வணிக' என்று ஒட்டி, 'இதற்கு இனிமேல் மனத்தில் இருக்கும் எண்ணம் என்று பொருள்' என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

இதனால் வடிவமைப்பாளர்களின் பிழைப்பிலும் மண் விழுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 'சின்னம்' என்று கேட்டு வருகிற வாடிக்கையாளர் ஒரு படத்துக்குத்தான் காசு எடுத்து வைப்பார். 1907இல் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. மின்சாதன நிறுவனம் பீட்டர் பேரன்ஸ் என்ற கட்டடக் கலைஞரைக் கலை ஆலோசகராக வைத்தது. அவர் தேன்கூட்டு வடிவில் ஒரு இலச்சினை, அதாவது லோகோ, வரைந்தது உண்மை. அதோடு நின்றாரா? எழுத்து வடிவம், விலைப்பட்டியல், சுவரொட்டி, மின்விசிறி, மின்கெண்டி, கடைசியில் பெர்லினில் டர்பைன் தொழிற்சாலைக் கட்டடம் வரை ஒரே கையின் சாயல் தெரியும்படி செய்தார். இன்று பிராண்டிங் என்று வடிவமைப்பாளர்கள் செய்வது இதன் பேரப்பிள்ளைதான். இதற்கு 'வணிகச் சின்னமாக்கம்' என்று பெயர் வைத்தால், அந்தக் கட்டடத்தை எந்தப் பெட்டியில் அடைப்பது?

தலைகீழாகவும் ஒரு சாட்சி உண்டு. 2009 தொடக்கத்தில் அமெரிக்காவில் டிராபிகானா ஆரஞ்சுச் சாற்றின் அட்டைப்பெட்டியை மாற்றினார்கள். உறிஞ்சுகுழல் குத்திய ஆரஞ்சுப் பழம் போய், கண்ணாடிக் குவளையில் சாறு வந்தது. பெயர் செங்குத்தாகத் திரும்பியது. நிறுவனம் அதே, பெயர் அதே, சாறு அதே. சட்டப்படி எதுவும் போகவில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 விழுக்காடு சரிந்து, பழைய பெட்டியையே திரும்பக் கொண்டுவந்தார்கள். அலமாரி முன்னால் நின்ற ஆளுக்குத் தன்னுடைய பழைய ஆரஞ்சுப் பழத்தைக் காணோம். அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வணிகச் சின்னம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் கதையைத் தமிழில் எழுதிப் பாருங்கள். 'சின்னம் அப்படியே இருந்தது, ஆனால் சின்னம் போய்விட்டது' என்று முடியும்.

ஒரு நிறுவனம் எப்படித் தோன்ற வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று விதிக்கும் பிராண்டுக் கையேட்டைப் புரட்டினாலே இது புரியும். இலச்சினை முதல் சில பக்கங்களோடு சரி: அதைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும், எவ்வளவு சிறிதாக்கலாம். மீதியெல்லாம் வேறு. அச்சில் இந்தச் சிவப்புக்கு நான்கு மைகளின் விகிதம் என்ன, திரையில் அதே சிவப்புக்கு என்ன எண். இணையப் பக்கத்தில் பொத்தான் எவ்வளவு வளையலாம். காணொளியில் இலச்சினை வழுக்கிக்கொண்டு வருமா, துள்ளிக்கொண்டு வருமா. வாடிக்கையாளரை 'நீங்கள்' என்பதா, 'நீ' என்பதா. தமிழுக்கு எந்த எழுத்துரு என்ற பக்கம் மட்டும் பெரும்பாலும் இருக்காது; அது தனிப் புலம்பல், இன்னொரு நாள்.

போகிற போக்கில் ஒன்று. அதே ஏட்டில் நிறுவனத்தின் சேவைகள் 'வணிகச் சின்னம், இயக்கம், அச்சு, வலை' என்று நான்கு வரியில் இருந்தன. இயக்கமாம். படத்தையும் எழுத்தையும் திரையில் அசைய வைக்கும் மோஷன் வேலைக்கு இயக்கம் என்றால் ஒன்று சினிமா எடுக்கிறார்கள், இல்லையென்றால் தலைமறைவாக இருக்கிறார்கள் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். அசைவு என்ற சொல்லும் அசைவூட்டம் என்ற சொல்லும் சும்மாதானே கிடக்கின்றன.

போட்டிக்கு வேறு சொற்களும் உண்டு. 'வணிக முத்திரை' என்கிறார்கள். முத்திரை என்றால் கடைத்தெருவில் ஐ.எஸ்.ஐ., அக்மார்க், ஹால்மார்க். வெளியிலிருந்து ஒருவர் சோதித்துக் குத்தித் தருவது. தனக்குத் தானே முத்திரை குத்திக்கொள்வதற்கு நம் ஊரில் வேறு மரியாதை. தூய தமிழ் அன்பர்கள் சிலர் 'பொறி' என்கிறார்கள். எனக்கும் இதில் ஆசை உண்டு, மறைப்பானேன்! தீப்பொறியும் பொறிதான், பொறித்த அடையாளமும் பொறிதான். கொள்ளியிலிருந்து குறிக்கு வந்த ஆங்கிலச் சொல்லுக்கு இரட்டைப்பிள்ளை மாதிரி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சரக்குகளின் மேல் புலி பொறித்து வெளியே அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆனால் அது சுங்கம் முடிந்ததற்கு அரசன் குத்திய அடையாளம், வணிகனுடைய பெயரைப் பரப்புவதற்கல்ல. இன்றைய காதில் பொறி என்றால் எந்திரம், இல்லாவிட்டால் எலிப்பொறி. 'எங்கள் நிறுவனம் உங்களுக்காகப் பொறி அமைத்துத் தரும்' என்று விளம்பரம் போட்டால் வாடிக்கையாளர்கள் உண்மையைச் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்பது மட்டும்தான் லாபம்.

அப்படியானால் மக்கள் என்ன சொல்கிறார்கள்? இது கம்பெனி ஐட்டமா, லோக்கலா என்று கேட்கிறார்கள். பிராண்டட் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான தமிழ் வழக்கு எனக்குத் தெரியவில்லை. கம்பெனி தமிழ்ச் சொல் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பழைய தலைமுறை 'மார்க்' என்றது. பட்டாசுக் கடையில் நிறுவனத்தின் முழுப்பெயர் தெரியாதவரும் அணில், சேவல் என்று கேட்டு வாங்குவார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நினைவில் வைக்க லேபிளில் ஒரு விலங்கு, ஒரு பறவை. இந்த 'மார்க்' குறியில் தொடங்கி, சரக்குக்கு ஏறி, நம்பிக்கை வரைக்கும் போனது. ஆங்கிலத்தில் பிராண்டு நடந்த அதே வழி.

இதற்கெல்லாம் மேலே நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, எல்லோர் வாயிலும் இருக்கிறது, யாரும் அகராதிக்குப் போக வேண்டாம்: பெயர். பேர் எடுத்த கடை. பேர்போன பூட்டு. பேரைக் கெடுத்துவிட்டான். பேரைக் காப்பாற்ற வேண்டும். பேருக்காகவே இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கலாம். பிராண்டைப் பற்றி நிர்வாகவியல் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஐந்தில் அடக்கம். மேல்நிலைப் பள்ளிக் கணக்குப்பதிவியல் புத்தகங்கள் குட்வில்லுக்கு 'நற்பெயர்' என்று எழுதி, பிள்ளைகள் அதைக் கூட்டிக் கழித்துத் தேர்ச்சியும் பெறுகிறார்கள். கணக்காளர்களுக்குத் தோன்றியது விளம்பரக்காரர்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு தடை உண்டு. 'பெயரை மாற்றினார்கள்' என்றால் எழுத்தை மாற்றினார்களா, மதிப்பை மாற்றினார்களா? இங்கே இடறும். பெயராக்கம் என்று புதிதாகக் கட்டலாமா என்றால், அது இலக்கணத்தில் வினையைப் பெயராக்கும் வேலைக்குப் போய்விட்டது. ஆகவே என் வழக்கம் இதுதான். லோகோவுக்கு இலச்சினை, ஈழத்தில் பள்ளிக்கூடச் சட்டைப்பை வரை புழங்கும் சொல், வடமொழி வழி வந்தது என்று யாராவது முகம் சுளித்தால் சின்னமும் முத்திரையும் அங்கிருந்து வந்தவைதான் என்று நினைவூட்டலாம். டிரேட் மார்க்குக்கு வணிகக் குறி. வடிவமைப்பாளர் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு அடையாள வடிவமைப்பு. மனத்தில் இருக்கும் மதிப்பைச் சொல்ல, வாக்கியம் இடம் கொடுத்தால் பெயர். கொடுக்காவிட்டால் கூச்சப்படாமல் பிராண்டு. பஸ்ஸும் காபியும் தமிழை ஒன்றும் செய்துவிடவில்லை.

கொட்டை எழுத்து வரியை இப்படி மாற்றிக் கொடுத்தேன்: "இலச்சினையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். பெயர் எடுக்க வருடங்கள் ஆகும்." மூலத்தில் உள்ள சொற்கள் அத்தனையும் இதில் இல்லை என்று மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர் ஆட்சேபித்தார். இதுதான் இன்றைய வியாதி. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியல் வைத்துக்கொள்கிறார்கள். பட்டியலை இயந்திரத்துக்குள் ஊற்றுகிறார்கள். வெளியே வருவதை, மூலத்தின் பக்கத்தைப் பார்க்காத ஒருவர் எழுத்துப்பிழை மட்டும் திருத்துகிறார். இத்தனைக்கும் பத்திரிகை மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பிராண்டு அம்பாசிடருக்கு 'விளம்பரத் தூதர்' என்று போட்டார்கள். வணிகச் சின்னத் தூதர் என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. பட்டியல் பார்க்காமல், நடிகர் என்ன செய்கிறார் என்று பார்த்து எழுதிய சொல்.

பட்டியல்காரர்கள் பிராண்டு ஈக்விட்டிக்கு வந்தபோது 'வணிகச் சின்னச் சமபங்கு' என்று எழுதினார்கள். ஒரு பயிற்சி ஏட்டில் கண்ணால் பார்த்தேன். பெயருக்குள்ள மதிப்பு என்று போட்டிருந்தால் கணக்காளருக்கும் புரியும், கடைக்காரருக்கும் புரியும். சொல்லில் ஒன்று குறைவதால், சொல் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவருக்கு மட்டும் சில காசு நட்டம்.